எது அழுக்கு? ஒரு செப்புச் சிலை, ஓர் அலுமினிய வண்டி, கொஞ்சம் ஆப்ப சோடா

அமெரிக்காவில் 1940-களிலும் 1950-களிலும் கட்டப்பட்ட அலுமினியப் பயண டிரெய்லர்கள் இன்று பழம்பொருள் மதிப்பைப் பெற்றுவிட்டன. காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்பட்ட இந்தச் சிறு வீடுகள் பண்ணைகளின் ஓரத்திலும் கொல்லைப்புற மரநிழலிலும் பல்லாண்டுகள் கிடந்து, ஒளி மங்கி, வெண்பொடி பூத்த மேனியுடன் பட்டறைகளுக்கு வந்து சேர்கின்றன. அங்கே அவற்றைத் துலக்கக் கையாளப்படும் முறைகளுள் ஒன்று சோடா பிளாஸ்டிங். சோடியம் பைகார்பனேட் படிகங்களை அழுத்தக் காற்றின் வேகத்தில் உலோகத்தின்மீது வீசுவதே அம்முறை. தமிழ்ச் சமையலறைகளில் ஆப்ப சோடா என்றும் சோடா உப்பு என்றும் வழங்குகிற அதே பொருள்தான் இது.

பட்டறை நுட்பம் என்ற அளவில் மட்டும் நோக்கினால் இதில் வரலாற்று மாணவருக்கு வேலையில்லை என்று தோன்றலாம். ஆனால் இந்த நுட்பம் பிறந்து பரவிய வழியைப் பின்தொடர்ந்தால், அது ஒரு பழைய கேள்வியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. காலம் ஒரு பொருளின்மீது படியவைத்தவற்றுள் எது அழுக்கு, எது கவசம், எது சான்று? இதற்கு வேதியியல் ஒரு விடை சொல்கிறது. உரிமையாளரின் ஆசை வேறொரு விடை சொல்கிறது. வரலாறு மூன்றாவதாக ஒன்றைச் சொல்லக்கூடும். மூன்றும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

1. மணலில் தொடங்கிய கதை

துகள்களை வேகமாக வீசி ஒரு பரப்பைச் செதுக்கலாம், துலக்கலாம் என்ற கருத்துக்கு 1870-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த பெஞ்சமின் சியூ டில்மன். உள்நாட்டுப் போரில் வடபுலப் படையில் பணியாற்றியவர். மரத்திலிருந்து சல்ஃபைட் முறையில் காகிதக் கூழ் செய்யும் வழியைக் கண்டறிந்தவர்களுள் ஒருவராகவும் அறியப்படுபவர். காற்றோ நீராவியோ உந்தித் தள்ளும் மணல், கண்ணாடியையும் கல்லையும் அரிக்கும் என்பதே அவருடைய கண்டுபிடிப்பின் சாரம். அடுத்த சில பத்தாண்டுகளில் சாண்ட் பிளாஸ்டிங் வார்ப்பு ஆலைகளிலும் கப்பல் துறைகளிலும் பாலங்களிலும் அன்றாடத் தொழிலாயிற்று.

மணலின் வலிமை அதன் கடினத்தில் இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் மணலின் இடம் 7. செம்பு ஏறத்தாழ 3. தூய அலுமினியம் அதற்கும் சற்றுக் கீழே. ஆகவே மணல் துருவை மட்டும் நீக்கிவிட்டு நின்றுவிடுவதில்லை. துருவுக்கு அடியிலுள்ள உலோகத்தையும் கொத்துகிறது. தடித்த எஃகுத் தகட்டில் இது குறையன்று. கொத்தப்பட்ட சொரசொரப்பில் வண்ணம் நன்றாகப் பற்றும் என்பதால் அது விரும்பப்படுவதே. மெல்லிய தகட்டிலோ அதுவே அழிவு. தாக்குதலின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் தகடு நெளிந்துவிடுகிறது.

மணலின் விலையை முதலில் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். உடைந்து தூளாகும் சிலிக்கா நுரையீரலில் தங்கி, மீளமுடியாத சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கியது. பிரிட்டன் 1949-ஆம் ஆண்டு விதிகளின்வழி வார்ப்புகளைத் துலக்க மணலைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. அமெரிக்காவில் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வுக்கான தேசிய நிறுவனம் 1974-இல் அதே தடையைப் பரிந்துரைத்தது, பரிந்துரை சட்டமாகவில்லை.

இரண்டாவது விலையைக் கொடுத்தவை பழைய கட்டடங்கள். சூளையில் வெந்த செங்கலுக்கு வெளிப்புறத்தில் இறுகிய ஒரு தோல் உண்டு. மணல் வீச்சு அழுக்கோடு சேர்த்து அத்தோலையும் உரித்தது. உரிந்த செங்கல் நீரை உறிஞ்சியது. பனிக்காலத்தில் அந்நீர் உறைந்து விரிய, சுவர் உதிர்ந்தது. துலக்கிய அன்று புதிதாக மின்னிய சுவர் சில குளிர்காலங்களில் பழுதடைந்தது. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 1979-இல் வெளியிட்ட ஆறாவது பாதுகாப்புக் குறிப்பு முழுவதும் இத்தகைய கேடுகளைப் பற்றியதே. இயன்றவற்றுள் மிக மென்மையான வழியால் மட்டுமே பழைய பரப்பைத் துலக்க வேண்டும் என்ற நெறி அக்காலத்தில்தான் அந்நாட்டின் பாதுகாப்புத் துறையில் வேரூன்றியது.

‘மிக மென்மையான வழி’ எது என்ற தேடல் நடந்துகொண்டிருந்த அந்தச் சூழலில், நாட்டின் மிகப் பெரிய செப்புப் பரப்பு ஒன்று பழுதுபார்ப்புக்கு வந்தது.

2. சிலையின் உள்ளும் புறமும்

நியூயார்க் துறைமுகத்தின் சுதந்திரதேவி சிலை 1886 அக்டோபர் 28 அன்று திறந்துவைக்கப்பட்டது. பர்தோல்டி வடித்த அதன் செப்பு மேனியின் கனம் சுமார் 2.4 மில்லிமீட்டர் மட்டுமே. அதை உள்ளிருந்து தாங்குவது குஸ்தாவ் ஈஃபெல் வடிவமைத்த இரும்புச் சட்டகம். செம்பும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் மின்வேதி வினையில் இரும்பு அரிக்கப்படும் என்பதை அன்றைய பொறியாளர்கள் அறிந்தே இருந்தனர். அதனால் இரண்டுக்கும் இடையில் அரக்கில் தோய்த்த கல்நாரை வைத்தனர்.

திறப்பின்போது சிலையின் நிறம் செம்பின் நிறமே. கடற்காற்றிலும் நகரப் புகையிலும் அது மெல்லப் பழுப்பாகி, பிறகு பச்சையாயிற்று. 1906 அளவில் களிம்பு மேனி முழுவதையும் மூடிவிட்டது. அவ்வாண்டு நாடாளுமன்றம் சிலையின் பழுதுபார்ப்புக்கும், உள்ளும் புறமும் வண்ணம் பூசுவதற்குமாக 62,800 டாலர் ஒதுக்கியது. களிம்பை ஒரு நோயாகவே அதிகாரிகள் முதலில் கண்டனர். வெளிப்புற வண்ணப்பூச்சுக்குப் பொதுமக்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. களிம்பை ஆராய்ந்த ராணுவப் பொறியாளர் பிரிவு, அது செம்பைக் காக்கவே செய்கிறது, சிலையின் தோற்றத்துக்கும் அழகு சேர்க்கிறது என்ற முடிவுக்கு வந்தது. வண்ணம் உட்புறத்துக்கு மட்டும் பூசப்பட்டது.

இந்த முடிவு அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு ஒரு சோதனையாகவே அமைந்துவிட்டது. ஒரே செப்புத் தகட்டின் ஒரு முகம் காலத்திடம் விடப்பட்டது. மறுமுகம் மனிதரின் பாதுகாப்பில் வைக்கப்பட்டது. கசிவை அடைக்க நிலக்கரித் தார், தாரின்மீது வண்ணம், வண்ணத்தின்மீது மீண்டும் வண்ணம் என்று உட்புறம் தடித்துக்கொண்டே போனது. 1980-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் உள்ளே பார்த்தபோது, வெளிமுகம் நலமாக இருந்தது; களிம்பாக மாறியது தகட்டின் கனத்தில் மிகச் சிறு பகுதியே. உட்புறத்தில் கல்நார்க் காப்பு உளுத்துப்போயிருந்தது. இரும்பு விலாக்கள் துருவேறிப் பருத்து, செம்பிலிருந்து ரிவெட் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. பூச்சுகள் ஈரத்தை வெளியேற்றுவதற்குப் பதிலாகச் சிறைவைத்திருந்தன. அழுக்கென்று கருதப்பட்டது காத்தது. காப்பென்று பூசப்பட்டது நோயை மறைத்தது.

சைவ சித்தாந்தத்தில் செம்பில் களிம்பு என்பது உயிரோடு பிறந்த ஆணவ மலத்துக்கு உவமை. அந்த உவமையில் களிம்பு நீக்கப்பட வேண்டிய மாசு. உலோகவியல் அதே களிம்புக்கு வேறொரு வாழ்க்கையை அளிக்கிறது. வெளிக்காற்றில் விடப்பட்ட செம்பின்மீது இறுகிப் படியும் காரச் செப்பு சல்ஃபேட்டு அடுக்கு, அடியிலுள்ள செம்புக்கும் காற்றுக்கும் இடையே சுவராக நிற்கிறது. அதைத் தேய்த்து நீக்கினால் செம்பு மீண்டும் தன்னைக் கொடுத்துப் புதுக் களிம்பை உண்டாக்கிக்கொள்ளும். நூறாண்டு பழைய சிலையை ஒருமுறை மின்னவைப்பதன் பொருள், அதன் மேனியில் ஓர் அடுக்கை என்றென்றைக்குமாக இழப்பதே. ஆகவே 1980-களின் சீரமைப்பில் வெளிக்களிம்பைத் தொடுவதில்லை என்பது விதியாயிற்று. செம்பில் ஒட்டுப்போட வேண்டிய இடங்களுக்கு, பெல் ஆய்வகக் கட்டடத்தின் கூரையிலிருந்து களிம்பேறிய பழைய செப்புத் தகடு பெறப்பட்டது; மாற்றாகச் சிலையின் பழைய செம்பு ஆய்வுக்காக அவர்களுக்கு அளிக்கப்பட்டது. களிம்பு இப்போது தேடிப் பெறப்படும் பொருளாகியிருந்தது.

எஞ்சிய சிக்கல் உட்புறம். வண்ண அடுக்குகளை நீக்கத் திரவ நைட்ரஜன் பயன்பட்டது. மைனஸ் 196 பாகை செல்சியஸ் குளிரில் வண்ணம் நொறுங்கி உதிர்ந்தது. தார் உதிரவில்லை. மணலை வீசினால் 2.4 மில்லிமீட்டர் செம்பு தாங்காது. மென்மையான பல துகள்கள் பரிசோதிக்கப்பட்ட பின் தேர்ந்தெடுக்கப்பட்டது சோடியம் பைகார்பனேட். மோஸ் அளவுகோலில் அதன் இடம் ஏறத்தாழ 2.5, செம்புக்குக் கீழே. தாரின்மீது மோதும் படிகம் அக்கணமே நொறுங்குகிறது; அதன் ஆற்றல் பக்கவாட்டில் சிதறித் தாரைப் பெயர்க்கிறது; ஆனால் செம்பைக் கொத்துமளவு கடினம் அதற்கில்லை. கல்நார்த் தூளின் அச்சத்தால் தொழிலாளர்கள் தனிச் சுவாசக் கருவியோடு முழு உடலையும் மூடிய உடையணிந்து உள்ளே பணியாற்றினர்.

ஆனால் இந்த மென்மைக்கும் ஓர் எல்லை இருந்தது. உட்புறத்தில் வீசப்பட்ட சோடா, தகடுகளின் இணைப்புகள் வழியாகவும் ஆணித் துளைகள் வழியாகவும் வெளியே கசிந்தது. வெளிமுகக் களிம்போடு அது வினைபுரிந்து சில இடங்களில் பச்சையை நீலமாக்கத் தொடங்கியது. வெளியே நீரைப் பீய்ச்சி அதைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. செம்புக்குத் தீங்கு செய்யாத பொருள், செம்பின் களிம்புக்குத் தீங்கு செய்தது. மென்மை என்பது பொருளின் பிறவிக் குணமன்று. வீசப்படுவது, நீக்கப்படுவது, காக்கப்படுவது என்னும் மூன்றுக்கும் இடையிலான உறவில்தான் அது இருக்கிறது. இந்தப் படிப்பினை பின்னாளில் அலுமினிய வண்டிகளுக்கும் அப்படியே பொருந்தியது.

1986 ஜூலையில் நூற்றாண்டு விழாவையொட்டிச் சிலை மீண்டும் திறக்கப்பட்டது. இரும்பு விலாக்களின் இடத்தில் துருவேறா எஃகு இருந்தது. வெளியே பழைய பச்சை இருந்தது. சோடா வீச்சு ஒரு தொழிலாகப் பரவலாக அறியப்பட்டதற்கு இந்தச் சீரமைப்பே தொடக்கம் என்று அத்தொழிலில் உள்ளோர் வழக்கமாகக் கூறுவர். வண்டிகளின் உடலிலிருந்து பழைய வண்ணத்தை உரிக்கவும், தீப்பிடித்த வீடுகளின் கரியை அகற்றவும், இறுதியாகப் பழைய அலுமினிய டிரெய்லர்களைத் துலக்கவும் அது சென்று சேர்ந்தது.

3. விமானத்தின் தோல், வீட்டின் தோல்

டிரெய்லர்களின் மேனியைப் புரிந்துகொள்ள விமானத்தின் வரலாற்றுக்குச் செல்ல வேண்டும். தூய அலுமினியம் இலேசானது, ஆனால் வலுவற்றது. 1906-இல் ஜெர்மானிய உலோகவியலாளர் ஆல்ஃபிரட் வில்ம், சுமார் 4 விழுக்காடு செம்பும் சிறிதளவு மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி விரைவாகக் குளிரவைத்தால், அடுத்த சில நாள்களில் அது தானாகவே வலுவேறுவதைக் கண்டார். அது தயாரிக்கப்பட்ட டியூரன் நகரின் பெயரை நினைவூட்டும் வகையில் டியூராலுமின் என்று அழைக்கப்பட்டது. வானூர்திகளின் எலும்பும் தோலும் அதனாலாயின.

ஆனால் வலுவைத் தந்த செம்பே பலவீனத்தையும் தந்தது. கலவைக்குள் செம்பு மிகுந்த நுண்துகள்கள் திரண்டு நின்று, சுற்றியுள்ள அலுமினியத்தை ஈரத்தில் அரித்தன. சுதந்திரதேவியின் உடலுக்குள் செம்புக்கும் இரும்புக்கும் நிகழ்ந்த அதே பிணக்கு, இங்கே கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒவ்வொரு தகட்டுக்குள்ளும் நிகழ்ந்தது. வெளியே நலமாகத் தோன்றிய தகடுகள் உள்ளே மணிமணியாக உடைந்து வலுவிழந்தன. இதற்கு அல்கோவா நிறுவனத்தில் ஈ. எச். டிக்ஸ் கண்ட தீர்வு 1927-இல் வெளியாயிற்று. வலுவான கலவைத் தகட்டின் இரு முகங்களிலும் தூய அலுமினியத்தை மெல்லிய அடுக்காக உருட்டி இணைப்பதே அது. அல்கிளாட் என்பது அதன் பெயர். உள்ளே வலு, வெளியே தூய்மை. கீறல் விழுந்தாலும் தூய அலுமினியம் தன்னை முதலில் அரிக்கக் கொடுத்து உள்ளிருப்பதைக் காக்கும். 1929-இல் டெட்ராயிட்டில் பறந்த உலோக உடல் வான்கப்பலான இசட்.எம்.சி-2 இத்தகட்டால் ஆனதே.

விமானத்துக்கும் வீட்டுக்கும் பாலம் கட்டியவர் ஹாலி போலஸ். லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் கட்டுமானத்தில் பங்கேற்றவர். மிதவை விமானங்களை வடிவமைத்தவர். 1934-இல் அவர் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய ‘ரோட் சீஃப்’ டிரெய்லர், விமான உடலைப் போலவே சட்டத்தின்மீது அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துக் கட்டப்பட்டது. போலஸின் தொழில் விரைவில் நொடித்தது. அந்த வடிவத்தைத் தழுவி, முன்புறமிருந்த கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936-இல் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ என்ற வண்டியை வெளியிட்டார் வாலி பயம். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே அதன் விலை 1,200 டாலர்.

இரண்டாம் உலகப் போர் அலுமினியத்தை முழுவதும் விமானங்களுக்கு எடுத்துக்கொண்டது. பயம் தம் கடையை மூடிவிட்டு விமானத் தொழிற்சாலை வேலைக்குச் சென்றார். போர் முடிந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. ஆலைகளில் அலுமினியம் இருந்தது. ரிவெட் அடிக்கப் பழகிய கைகள் இருந்தன. விமானங்களுக்கான தேவை இல்லை. திரும்பிவந்த படைவீரர்களுக்கு வீடும் இல்லை. துல்சா நகரில் பால் கெட்டியின் உடைமையாக இருந்த ஸ்பார்ட்டன் விமான நிறுவனம் 1946 முதல் அலுமினிய டிரெய்லர் வீடுகளைக் கட்டியது இந்தச் சூழலில்தான். ஏர்ஸ்ட்ரீமும் மீண்டும் தொழிலைத் தொடங்கியது. 1969 ஜூலையில் நிலவிலிருந்து திரும்பிய மூவரும் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டது, மாற்றியமைக்கப்பட்ட ஓர் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரில்தான். அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகவே மரநிழலில் வெளுத்துக் கிடக்கும் ஒரு பழைய டிரெய்லரின் தகடு, உல்லாசப் பயணத்தின் நினைவு மட்டுமன்று. ஒரு போர்ப் பொருளாதாரம் வீட்டுப் பொருளாதாரமாக மாறியதன் கண்கூடான எச்சம் அது.

4. சோடா செய்வதும் செய்யாததும்

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது வழக்குமொழி. உண்மையில் அதைப் போல விரைந்து ஆக்சிஜனோடு சேரும் உலோகங்கள் குறைவு. கீறிய கணத்திலேயே சில நானோமீட்டர் கனமுள்ள ஆக்சைடு படலம் அதன்மீது உருவாகிவிடுகிறது. அந்தப் படலம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதுவே கவசம். பட்டறைகளில் ‘ஆக்சைடு ஏறிய உலோகம்’ என்று சொல்லப்படுவது வேறு. மழையும் உப்பும் இலைச்சாறும் படலத்தைத் துளைத்த இடங்களில் தோன்றும் குழிகள், குழிகளின் வாயில் திரளும் வெண்பொடி, பழைய மேற்பூச்சு உரிந்த விளிம்புகளில் நூல்போல் ஊரும் அரிப்பு ஆகியவையே அது. ஒரு தகட்டில் கவசமும் நோயும் ஒரே வேதிப்பொருளின் இரு வடிவங்களாக அருகருகே இருக்கின்றன.

சோடா வீச்சின் இடம் இங்கே துல்லியமாக வரையறுக்கத்தக்கது. உரிந்து தொங்கும் மேற்பூச்சு, எண்ணெய்ப் பிசுக்கு, பாசி, தளர்ந்த வெண்பொடி ஆகியவற்றை அது நீக்கும். தகட்டைச் சூடேற்றி நெளியவைப்பதில்லை. ஆணித் தலைகளைச் சிதைப்பதில்லை. ஆனால் குழிகளை அது நிரப்பாது. இறுகிய அரிப்பை வேரோடு எடுக்காது. கண்ணாடி போன்ற ஒளியையும் தராது. வீச்சு முடிந்தபின் தகடு மங்கலான சாம்பல் வெண்மையில் நிற்கும். ஒளி வேண்டுமானால் அடுத்து மெருகேற்ற வேண்டும். அங்குதான் கணக்கு தொடங்குகிறது.

டிரெய்லரின் தோல் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் கனமுள்ளது என்று கொண்டால், இத்தகைய மெல்லிய அல்கிளாட் தகட்டில் ஒவ்வொரு முகத்திலும் தூய அலுமினியம் சுமார் 5 விழுக்காடு, அதாவது 0.04 மில்லிமீட்டர், 40 மைக்ரான். மனிதத் தலைமுடி ஒன்றின் கனத்தைவிடக் குறைவு. அந்த அடுக்கு இருக்கும்வரை தகடு தன்னைக் காத்துக்கொள்ளும். மணலோ கடினமான வேறு துகளோ அதைச் சில நொடிகளில் கொத்தி எடுத்துவிடும். மெருகேற்றும் சக்கரம் அதை மெல்ல மெல்லத் தின்னும். அடுக்கு தீர்ந்த இடத்தில் வெளிப்படுவது செம்பு கலந்த உட்கலவை. அது எளிதில் ஒளிராது, எளிதில் அரிபடும். தகடு மிக அழகாகத் தோன்றும் நாளே அது மிகவும் காப்பற்று நிற்கும் நாளாகவும் இருக்கக்கூடும்.

சோடா இந்த 40 மைக்ரானைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. அதுவே அதன் சிறப்பு. ஆனால் சிலையில் கண்ட எல்லை இங்கும் உண்டு. அலுமினியத்தின் ஆக்சைடு படலம் நிலைத்திருப்பது ஏறத்தாழ 4 முதல் 8.5 வரையான பி.எச். மதிப்புகளுக்குள். பைகார்பனேட் கரைசலின் மதிப்போ சுமார் 8.3, வாசற்படியிலேயே நிற்கிறது. 50 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறினால் பைகார்பனேட் மெல்லச் சிதைந்து சோடியம் கார்பனேட்டாக மாறத் தொடங்கும். அது நன்றாகவே காரத்தன்மை உடையது, அலுமினியத்தைத் தாக்கவல்லது. தகடுகள் ஒன்றின்மீது ஒன்று ஏறும் இணைப்புகளிலும் ஆணிகளைச் சுற்றியும் தங்கிவிடும் சோடாத் தூள், வெயிலிலும் ஈரத்திலும் மாறி, துலக்கப்பட்ட தகட்டையே புதிதாக அரிக்கலாம். பின்னர்ப் பூசப்படும் பூச்சைப் பற்றவிடாமலும் செய்யலாம். எனவே வீசுவதைவிடக் கழுவுவதே இம்முறையின் முக்கியமான பகுதி. துறைமுகச் சிலையின்மீது விடாமல் பாய்ச்சப்பட்ட நீரின் பொருளும் இதுதான்.

5. எண்களின் நிழல்

இதுவரை சொன்னது பொருளின் நலம். வரலாற்றுக்கு இன்னொரு கணக்கு உண்டு.

வாலி பயம் தம் வாடிக்கையாளர்களைக் கூட்டம் கூட்டமாக நெடும்பயணங்களுக்கு அழைத்துச் சென்றார். 1955-இல் அவர் பெயரில் ஒரு பயணச் சங்கம் உருவாயிற்று. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்; அந்த எண் பெரிய சிவப்பு இலக்கங்களில் வண்டியின் மேனியில் ஒட்டப்பட்டது. தூரத்திலிருந்தே யார் வண்டி என்று அறிய அது உதவியது. பல்லாண்டுகள் கழித்து அந்த இலக்கங்கள் வெயிலில் உதிர்ந்தாலும், உரித்தெடுக்கப்பட்டாலும், அவை இருந்த இடம் மட்டும் சுற்றியுள்ள உலோகம் மங்கிய அளவுக்கு மங்காமல் நிற்கும். எண் போய்விட்டது; எண்ணின் நிழல் ஆக்சைடில் இருக்கிறது. அதைப் படித்து உறுப்பினர் பட்டியலோடு ஒப்பிட்டால், அந்த வண்டி யாருடையது, எந்தப் பயணங்களில் சென்றிருக்கக்கூடும் என்பதுவரை அறிய வழியுண்டு.

அந்த நிழலுக்குத் தனியாக உடலில்லை. அது எழுதப்பட்டிருப்பது ஆக்சைடின் வேறுபாட்டில் மட்டுமே. தகடு முழுவதும் ஒரே சீராகத் துலக்கப்பட்டால் அது மறையும். சோடா எவ்வளவு மென்மையாக இருந்தாலும் இதைக் காப்பாற்ற முடியாது. உலோகத்தில் ஒரு மைக்ரானும் இழக்காமல், அதன்மீதிருந்த ஆவணத்தை முழுமையாக இழக்கலாம். உலோகவியலின் அளவுகோலில் குறையற்ற ஒரு பணி, வரலாற்றின் அளவுகோலில் ஓர் ஏட்டை எரித்ததற்கு ஒப்பாகலாம்.

இன்று கண்காட்சிகளில் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் ஒளிரும் வண்டிகளைக் காணும்போது இது நினைவுகொள்ளத்தக்கது. உருட்டாலையிலிருந்து வந்த தகட்டுக்கு இயல்பான ஒரு பளபளப்பு உண்டு. போருக்குப் பிந்திய பல வண்டிகளில் அதையும் காக்க மேற்பூச்சு இடப்பட்டது. கண்ணாடி ஒளி பெரும்பாலும் பின்னாளைய மெருகேற்றுநர்களின் உழைப்பு. மீட்டெடுப்பு என்ற பெயரில் நிகழ்வது, சில வேளைகளில், ஒருபோதும் இல்லாதிருந்த ஒரு கடந்தகாலத்தை உருவாக்குவதாகவும் இருக்கிறது.

எதிர்வாதமும் வலுவானதே. துலக்காமல் விட்டால் வெண்பொடியின் அடியில் குழிகள் ஆழ்ந்து தகடு துளைபடும். துளைபட்ட தகட்டில் எந்த நிழலும் எஞ்சாது. மேலும் இவை அருங்காட்சியகப் பொருள்களாகப் பிறந்தவையல்ல. மனிதர் படுத்துறங்கவும் தெருவில் ஓடவும் கட்டப்பட்டவை. ஓடும் வண்டியாக மீட்பதும் ஒருவகையில் அதன் வரலாற்றுக்கு உண்மையாக இருப்பதே. இவ்விரண்டு நியாயங்களுள் எதைத் தேர்வது என்பதைச் சோடா தீர்மானிக்காது. கருவி எவ்வளவு மென்மையானதாக மாறினாலும், எதை நீக்குவது என்று முடிவுசெய்பவரின் பொறுப்பு குறைவதில்லை. மென்மையான கருவி பொறுப்பை இன்னும் கூட்டுகிறது என்றுகூடச் சொல்லலாம். ஏனெனில், அது எதையும் அழிப்பதுபோலத் தோன்றுவதில்லை.

1906-இல் நியூயார்க்கில் நடந்ததன் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. அன்று மக்கள் எதிர்த்தனர், பொறியாளர்கள் ஆராய்ந்தனர், வண்ணம் பூசுவது நிறுத்தப்பட்டது. ஒரு பரப்பைத் தொடுமுன் அது என்ன என்று கேட்கப்பட்டது. தனியார் கொல்லையில் நிற்கும் ஒரு டிரெய்லருக்காக அப்படிப்பட்ட எதிர்ப்பு எழப்போவதில்லை. வீச்சைத் தொடங்குமுன் தகட்டைப் பக்கவாட்டு ஒளியில் ஒருமுறை பார்ப்பது, தெரியும் நிழல்களைப் புகைப்படமாகவும் அளவாகவும் பதிவுசெய்வது, ஒரு சிறு பகுதியையாவது துலக்காமல் விட்டுவைப்பது ஆகியவை அங்கே இயலக்கூடியவை. இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு.

தமிழில் பாத்திரம் தேய்ப்பதற்கும் பொருள் உரைப்பதற்கும் ‘விளக்குதல்’ என்ற ஒரே சொல் வழங்குகிறது. பழம்பொருளைப் பொறுத்தவரை இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்லக்கூடும்; தேய்த்து விளக்கியபின் எடுத்து விளக்க எதுவும் எஞ்சாமல் போகலாம். படித்த பிறகு துலக்குவதா, துலக்கிய பிறகு படிக்க முயல்வதா என்ற வரிசையில்தான் பாதுகாப்புக்கும் வெறும் துப்புரவுக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது.